முதல் வருஷக் கெமிஸ்ட்ரி: இலங்கையில ஏ.எல். (உயர்தரம்) முடிச்சு வந்த நம்மட பிள்ளைகள் புள்ளி விடுற இடங்கள்

கேள்வி: மகள் கல்முனையில தமிழ் மீடியத்தில பயோ செய்தவ. செப்டெம்பரில கனடாவில கம்பஸ் தொடங்குது. ஜெனரல் கெமிஸ்ட்ரி எடுக்கணுமாம். கோர்ஸ் அவுட்லைன் எண்டு 12 பக்கம் அனுப்பியிருக்காங்க. எதை முதல்ல பார்க்கணும்?

பதில்: அக்கா, பாடத்துக்குப் பயப்பட வேணாம். மூல் கணக்கு, அணுக்கட்டமைப்பு, பிணைப்பு, வாயு விதிகள் எல்லாம் ஏ.எல்.ல பிழிஞ்சு எடுத்ததுதான். முதல் மூணு கிழமை “இது தெரிஞ்சதுதானே” எண்டு இருக்கும். அங்கதான் வழுக்கும். ஊரில ரெண்டு வருஷப் படிப்புக்கு ஒரு சோதனை, 50 எம்.சி.கியூ., மறுகா மூணு மணித்தியாலப் பேப்பர், அதோட முடிஞ்சுது. கடைசி மூணு மாசம் விழுந்து விழுந்து படிச்சுத் தப்பலாம். இங்க புள்ளி ஒவ்வொரு கிழமையும் ஒழுகும்.

அவுட்லைனில முதல்ல புள்ளிப் பங்கீட்டைப் பாருங்க. உதாரணத்துக்கு ஃபைனல் 40, ரெண்டு மிட்டேர்மும் சேர்த்து 25, லாப் 25, ஒன்லைன் ஹோம்வேர்க் 10 எண்டு வைப்பம். ஹோம்வேர்க்கைத் தொடாம விட்டு, லாபிலயும் நாலில ஒரு பங்கைத் தவற விட்டா 10உம் 6.25உம் போச்சு. மற்ற எல்லாத்திலயும் முழுப்புள்ளி எடுத்தாலும் 83.75க்கு மேல ஏற ஏலாது. ஃபைனலில பிடிக்கலாம் எண்ட கதை இங்க எடுபடாது.

ரெண்டாவது, “லாபில தனியாப் பாஸ் பண்ணணும்” எண்ட வசனம் இருக்கா எண்டு தேடுங்க. பல இடத்தில இருக்கும். இருந்தா, தியரியில 90 எடுத்தாலும் லாப் பெயில் எண்டா கோர்ஸே பெயில். மூணாவது, கோர்ஸை விடுற கடைசித் தேதிகள். வழக்கமா ரெண்டு இருக்கும்: முதல் தேதிக்குள்ள விட்டா பதிவில ஒண்டும் நிக்காது, மற்றத் தேதிக்குள்ள விட்டா விலகினதா ஒரு குறி விழும், சராசரியைத் தொடாது. ரெண்டும் தாண்டினா எடுத்த புள்ளிதான் நிக்கும். ஸ்டூடன்ட் விசாவில இருக்கிறவங்க இன்டர்நேஷனல் ஒஃபிஸில கேக்காம எதையும் விடக்கூடா. அமெரிக்காவில எஃப்-1 விசாவில டிகிரி செய்ற பிள்ளைக்கு ஒரு செமெஸ்டருக்கு 12 கிரெடிட் வேணும். லாபோட சேர்ந்த கெமிஸ்ட்ரி பெரும்பாலும் 4 கிரெடிட், அதை விட்டா 12க்குக் கீழ இறங்கக்கூடும்.

இன்னொரு பதில்: லாபைப் பற்றி நான் சொல்றன். ப்ரீ-லாப் எண்டு ஒரு சின்னக் குவிஸ் இருக்கும், லாபுக்கு முன்னமே செய்து முடிக்கணும். செய்யாமப் போனா வாசலிலயே திருப்பி அனுப்புற இடமும் இருக்கு. லாப் கொப்பியில பேனையாலதான் எழுதணும். பிழைச்சா ஒரு கோடு, அடியில இருக்கிறது வாசிக்கக்கூடியதா. டிப்பெக்ஸ் பூசுறதும் தாள் கிழிக்கிறதும் கூடவே கூடா.

நியமிப்புத்தான் (ஒரு கரைசலிட செறிவைக் கண்டுபிடிக்க மற்றக் கரைசலைத் துளி துளியா விடுறது) எல்லாரும் சறுக்குற இடம். அளவியை, அதாவது கோடு போட்ட, அடியில திருகு உள்ள நீட்டுக் கண்ணாடிக் குழாயை, தண்ணியில கழுவினதோட விடாம, உள்ள ஊத்தப்போற கரைசலில 5 மி.லீ. அளவு எடுத்து ரெண்டு தரம் அலசணும். இல்லாட்டி மிச்சத் தண்ணி கரைசலை ஐதாக்கி, தேவைக்கு மேல கனவளவு காட்டும். கூம்புக் குடுவையை மட்டும் வெறுந்தண்ணியில கழுவுங்க. அதைக் கரைசலால அலசினா மூல் எண்ணிக்கை கூடிப்போகும். நிரப்பின கையோட புனலை எடுத்துருங்க, அதில தொங்குற துளி இடையில விழும். நுனியில காத்துக்குமிழ் இருந்தா முதலே திறந்து வெளியேத்துங்க. முடிவைக் காட்டுற நிறங்காட்டி பினோத்தலீன் மங்கின ரோசாவா மாறி 30 செக்கன் நிண்டாப் போதும். பிறகு காத்தில இருக்கிற காபனீரொட்சைட்டால நிறம் தானாப் போகும், அதைப் பார்த்து இன்னும் துளி விடக்கூடா. கடும் ரோசா எண்டா தாண்டியாச்சு.

அளவியில 0.1 மி.லீ.க்குக் கோடு இருக்கும், வாசிப்பை 0.01 வரைக்கும் மதிச்சு எழுதணும். 24.3 இல்ல, 24.30. அந்தச் சைபருக்கு இங்க புள்ளி இருக்கு. 25.00 மி.லீ. ஐதரோகுளோரிக்கமிலத்துக்கு, லீற்றருக்கு 0.1025 மூல் உள்ள சோடியம் ஐதரொட்சைட்டு 23.48 மி.லீ. போனா, கல்குலேட்டர் 0.096268 காட்டும். தந்த அளவுகளில எல்லாம் நாலு இலக்கம், அதனால விடையும் நாலு இலக்கத்தில: 0.09627. கண்டதெல்லாத்தையும் எழுதினாலும் புள்ளி போகும், 0.1 எண்டு சுருக்கினாலும் போகும். பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டுற அளவு) கணக்கில விதி வேற: ஐதரசன் அயன் செறிவு 2.5 × 10⁻³ எண்டா பி.எச். 2.60. செறிவில ரெண்டு இலக்கம், அதனால தசமத்துக்குப் பிறகு ரெண்டு.

கல்குலேட்டரும் ஒரு புதுச் சாமான்தான், ஏ.எல். கெமிஸ்ட்ரியில அனுமதி இல்லையே. 2ஐ அவகாதரோ எண்ணால பிரிக்கச் சொன்னா 2 ÷ 6.022 × 10 ^ 23 எண்டு அப்பிடியே அமத்துறாங்க. அது பிரிச்சுப்போட்டுப் பெருக்கி 3.32 × 10²² எண்டு தரும். சரியான விடை 3.32 × 10⁻²⁴. அடைப்புக்குறி போடுங்க, இல்லாட்டி பத்தின் அடுக்குக்கெண்டு இருக்கிற தனிக் கீயைப் பாவியுங்க. எந்த மொடல் கொண்டு போகலாம் எண்டும் அவுட்லைனில இருக்கும்.

கேள்வி: இங்கிலீஷ் பதங்கள்தான் அவவுக்குப் பயம்.

பதில்: பாதி ஒரு கிழமையில வரும். அளவி பியூரெட், குழாயி பிப்பெட், முகவை பீக்கர், நியமிப்பு டைட்ரேஷன், வீழ்படிவு ப்ரெசிப்பிட்டேட், தாழ்த்தல் ரிடக்‌ஷன். கஷ்டம் தமிழில ஒரே மாதிரி ஒலிக்கிறதுகளிலதான். மூலகம், மூலக்கூறு, மூலம், மூல் எண்டு நாம அண்ணன் தம்பி மாதிரிப் படிச்சது இங்க எலமென்ட், மொலிக்கியூல், பேஸ், மோல் எண்டு பிரிஞ்சு நிக்கும். சோதனை அவசரத்தில மோலும் மொலிக்கியூலும் மாறிப்போகும். கனவளவும் கன டெசிமீற்றரில வராது, மி.லீ., லீற்றர்தான். பெறுமானம் ஒண்டுதான், பயப்படத் தேவல்ல.

இன்னொண்டு, இதை லேசா எடுக்காதீங்க. ஊரில மூத்த அக்காட பிறக்டிக்கல் கொப்பியைப் பார்த்து எழுதினா ரீச்சர் சிரிச்சுட்டு விடுவாங்க. இங்க அது ஒழுக்காற்று விசாரணை. லாப் பாட்னரோட தரவு ஒண்டா இருக்கலாம், ஆனா கணக்கும் விளக்கமும் அவரவர் எழுதினதா இருக்கணும். வராத வாசிப்பை வந்ததா எழுதுறது இன்னும் மோசம். பிழைச்ச பெறுமானத்தை அப்பிடியே எழுதி ஏன் பிழைச்சது எண்டு சொன்னாப் புள்ளி கிடைக்கும். ஏ.ஐ.யைப் பாவிக்கலாமா எண்டதும் கோர்ஸுக்குக் கோர்ஸ் மாறும், வாசிச்சுப் பாருங்க.

பெருநாளோ பொங்கலோ மிட்டேர்மோட முட்டினா முதல் கிழமைகளிலயே ஈமெயில் போடுங்க, முதல் நாள் ராவில இல்ல. “ரெஸ்பெக்டட் சேர்” தேவல்ல, “டியர் ப்ரொஃபெசர்” போதும். கோர்ஸ் இலக்கம், செக்‌ஷன், மாணவர் இலக்கம், எந்தத் தேதி, என்ன வேணும் எண்டு அஞ்சு வரி. வருத்தமோ சாவோ எண்டாலும் அப்பிடித்தான், என்ன கடிதம் காட்டணும் எண்டு அவங்க சொல்வாங்க.

கேள்வி: லாப் கோட் ஊரில தைச்சுக் கொண்டு வரலாமா? அவ ஹிஜாப் போடுறவ.

பதில்: கோட் தைக்கலாம். பருத்தி, முழுக்கை, முழங்கால் வரை. பொலியெஸ்டர் வேணாம், தீப்பட்டா உருகித் தோலோட ஒட்டும். ஹிஜாபும் பருத்தியில, நுனி கோட்டுக்குள்ள செருகினபடி. செருப்புக் கூடா, கால் மூடின சப்பாத்து. கண்ணுக்கு கொகிள்ஸ் மட்டும் இங்க வாங்குங்க: சி.எஸ்.ஏ. இசட்94.3 (கனடாவில கண் பாதுகாப்புக்கான தரக்குறி) எண்டு அடிச்சிருக்கணும், மூக்குக்கண்ணாடி போடுற பிள்ளை எண்டா அதுக்கு மேலால போடக்கூடியதா.