கன்னியாகுமரி சூரிய அஸ்தமனம்: படம் எடுக்க யோசனை வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம். போன மே மாதம் குடும்பத்தோடு கன்னியாகுமரி போயிருந்தேன். கேமராவும் கையுமாக முக்கடல் சங்கமத்துப் பாறையில் ஒரு மணி நேரம் காத்திருந்தால், சூரியன் கடலில் இறங்காமல் வடமேற்கே கரைப்பக்கம் போய் மறைந்துவிட்டது! டீக்கடைக்காரர்தான் சொன்னார், "ஐப்பசிக்கு மேல வாங்க சார், மாசி வரைக்கும் கடல்லயே விழும்" என்று. சரி, இப்போது பொங்கல் விடுமுறையில் மறுபடி கிளம்புகிறேன்.

என்னிடம் இருப்பது கேமராவோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ் மட்டும். அதில் சூரியன் குங்குமப் பொட்டு அளவுக்குத்தான் வருகிறது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 55-250 லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமா, அல்லது அகலமாகவே வைத்துப் பாறையையும் அலையையும் சேர்த்து எடுப்பது நல்லதா? வானத்துக்கு எக்ஸ்போஷர் (படத்துக்கான ஒளி அளவு) வைத்தால் பாறை கரிக்கட்டை, பாறைக்கு வைத்தால் வானம் வெளுத்துப்போகிறது. ஒயிட் பேலன்ஸ் (நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் அந்தச் செம்மஞ்சள் நிறமே வருவதில்லை. க்ளவுடியில் வைத்தால் சரியாகுமா? அலையைப் பால்போல எடுக்க என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கண்ணாடி) கட்டாயமா?

அப்புறம் இடம். அந்த வாரம் சங்கமத்தில் தலைகள்தான் தெரியும், அலை தெரியாது. இதே மாவட்டத்தில் உள்ள முட்டம் கடற்கரையில், கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளிலிருந்து எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஆறேகால், ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும். அதன் பிறகும் அரை மணி நேரம் இருந்து வானத்தின் நிறத்தை எடுக்க ஆசை. இருட்டிய பிறகு அந்த வழுக்குப் பாறைகளில் ட்ரைபாடோடு ஏறி வருவது எப்படி இருக்கும்? கூட என் எட்டு வயது மகள் வேறு வருகிறாள், அதனால்தான் கேட்கிறேன்.