மறு: பவர் பறவை கட்டுவதற்கு என்ன பெயர்? குடிலா, அரங்கா?

அனைவருக்கும் வணக்கம். பவர் பறவைகளில் (bowerbird) ஆண் கட்டும் 'bower' என்ற அமைப்புக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'குடில்' போதுமே. எளிமையானது, எல்லோருக்கும் புரியும்.

எளிமை சரிதான். ஆனால் குடில் என்றதும் அதில் ஏதோ ஒன்று குடியிருக்கிறது என்றுதான் படிப்பவர் நினைப்பார். ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் இந்தப் பறவைகள் கட்டுவதில் எதுவும் குடியிருப்பதில்லை. ஆண் கட்டுவது பெண்ணை வரவழைக்க மட்டுமே. இணை சேர்ந்தபின் பெண் வேறிடத்தில் தனியே கூடு கட்டி, தானே குஞ்சுகளை வளர்க்கும். அதனால் முன்பு வந்த 'அலங்காரக் கூடு' என்பதையும் ஏற்க முடியவில்லை. நம் தூக்கணாங்குருவி ஆணும் பாதி கட்டிவிட்டுப் பெண்ணுக்குக் காட்டும். பெண்ணுக்குப் பிடித்தால் அதிலேயே முட்டையிடும். அதைக் கூடு என்பது நியாயம்.

ஒலிபெயர்ப்பும் உதவாது. 'பவர்' என்று எழுதினால் மின்சாரம்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: அணியரங்கு.

கிழக்கு ஆஸ்திரேலியாவின் சாட்டின் இனம் குச்சிகளை நட்டு இரண்டு சுவர் எழுப்புகிறது, கூரை கிடையாது. முன்னால் கிளி இறகு, பூ, பாட்டில் மூடி என்று நீலமாகக் கிடைப்பதையெல்லாம் பரப்புகிறது. மென்ற தாவரத்தை எச்சிலில் குழைத்துச் சுவருக்குப் பூச்சும் பூசுகிறது! மேற்குப் பாப்புவா மலைகளின் வோகல்கோப் இனம் கூரையோடு கட்டுகிறது. குடில் என்ற சொல் பொருந்துவது அந்த வடிவத்துக்குத்தான். குயின்ஸ்லாந்து மழைக்காட்டின் பல்லலகு இனமோ எதையும் எழுப்புவதில்லை. தரையைச் சுத்தம் செய்து, பறித்த இலைகளை வெளிறிய பக்கம் மேலே தெரியும்படி கவிழ்த்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலத்திலேயே அதற்கு 'மேடை அமைப்பவன்' என்றொரு பெயர் உண்டு. குடில், பந்தல் இரண்டும் இங்கே தோற்கின்றன, அரங்கு தோற்பதில்லை.

வட ஆஸ்திரேலியாவின் பெரிய பவர் பறவையைப் பாருங்கள். பெண் இரு சுவர்களுக்கு நடுவே நின்று பார்க்க, ஆண் வெளியே களத்தில் ஆடுகிறது. களத்தில் எலும்பு, கல், சிப்பி. சிறியவை பெண்ணுக்கு அருகில், பெரியவை தொலைவில். உயிரியலாளர் ஜான் எண்ட்லர் குழுவினர் 2010இல் இந்த வரிசையை வெளியிட்டார்கள். அவர்கள் அதைத் தலைகீழாக மாற்றி வைத்தபோது, ஆண் பறவைகள் சில நாள்களிலேயே பழையபடி அடுக்கிவிட்டன. ஆடுமிடமும் பார்க்குமிடமும் சேர்ந்த ஒன்றுக்குத் தமிழில் அரங்கு தவிர வேறென்ன பெயர்?

> 'அணி' என்றால் கிரிக்கெட் அணி என்று எடுத்துக்கொள்வார்களே?

பறவைக் கட்டுரையில் அந்தக் குழப்பம் வராது என்றே நம்புகிறேன். அணிக்கு அழகு, வரிசை என்ற இரு பொருளும் உண்டு. எண்ட்லர் கண்ட அடுக்குக்கு இரண்டுமே வேண்டும்.

துணைச்சொற்களும் எளிதாக அமைகின்றன. சுவர்களுக்கு இடைப்பட்ட வழி 'நடை', வீட்டு நடை போல. முன்னால் உள்ள தரை 'களம்', பரப்பி வைப்பவை 'அணிப்பொருள்கள்'. பறவைக்கு மரங்கொத்தி, மீன்கொத்தி வழியில் 'அரங்குகட்டி'.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு நிறைவில்லை. நியூகினியின் மக்ரேகர் இனம் ஒரு மரக்கன்றைச் சுற்றிக் குச்சிகளைக் கோபுரமாக அடுக்குகிறது. அந்த வகைக்குக் 'கம்ப அரங்கு' என்று எழுதிப் பார்த்தேன். கம்பம் என்றால் மனிதர் நட்டது போல ஒலிக்கிறது. இங்கே நடுவில் இருப்பதோ உயிருள்ள கன்று. மரப்பெயர்ச் சொற்களில் பழக்கமுள்ளவர்கள் ஒரு சொல் தாருங்கள். 'குடில்' சொன்ன ஐயா, பல்லலகு இனத்தை வைத்து உங்கள் சொல்லையும் ஒருமுறை சோதித்துப் பார்த்து எழுதுங்கள்.