ஆல்டோ 800 (2015): சூடானதும் சிக்னலில் ஏசியோடு நின்றால் ஆஃப் ஆகிறது. பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா?

கொள்ளிடக்கரை:

வணக்கம். போன மாசம் 2015 மாடல் ஆல்டோ 800 எல்எக்ஸ்ஐ ஒண்ணு வாங்கினேன். தஞ்சாவூர் வண்டி, டிஎன் 49. மீட்டர்ல 68,000 காட்டுது. புரோக்கர் மூலமா 1,95,000 ரூபாய்க்கு முடிஞ்சுது. ஸ்ரீரங்கத்துல வீடு, துவாக்குடி பக்கம் வேலை. பஸ் மாறி மாறிப் போய் அலுத்துப்போய்தான் வாங்கினேன். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க நாலு சக்கரம் இருந்தாப் போதும்னு நினைக்கிற ஆள், வேற ஆசை கிடையாது.

காலையில ஒரு செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. காவேரிப் பாலம் தாண்டுற வரைக்கும் பிரச்சினையே இல்லை. இன்ஜின் நல்லா சூடானப்புறம் பால்பண்ணை சிக்னல் மாதிரி இடத்துல ஏசியோட நிக்கும்போதுதான் வம்பு. கம்ப்ரஸர் "டக்"குனு விழும், ஸ்டியரிங்ல ஒரு நடுக்கம் வரும், ரேடியோ லைட் லேசா மங்கும், அப்படியே ஆஃப். தினமும் இல்லை, ஆனா எப்ப நிக்கும்னு தெரியாததால நிம்மதியும் இல்லை. பின்னாடி நிக்கிற பஸ்காரர் ஹாரன்ல கை வெச்சா எடுக்கவே மாட்டேங்கிறார். இன்ஜின் செக் லைட் எரியலை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல பத்து நிமிஷம் பார்த்துட்டு பெட்ரோல் பம்ப் வீக், மாத்தணும், 5,500 ஆகும்னு சொல்லிட்டாங்க. மாத்திடலாமா?

ஸ்பானர்_14:

இருங்க சார், இப்ப மாத்தாதீங்க. நாலு கேள்விக்கு பதில் சொல்லுங்க. ஓடும்போது இழுவை குறையுதா? பாலம் ஏறும்போது திணறுதா? ஏசி போடாம எப்பவாவது நின்னிருக்கா? ஆஃப் ஆனதும் உடனே ஸ்டார்ட் ஆகுதா, இல்லை காத்திருக்கணுமா?

பழைய_பெட்ரோல்:

எல்லாம் இந்த எத்தனால் பண்ற வேலை. இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் கலந்த பெட்ரோல். 2015 வண்டிக்கு அது ஆகாது. மைலேஜும் போகும், பம்ப்பும் போகும். என்ன செஞ்சாலும் பிரச்சினை திரும்பி வரும், பார்த்துக்கிட்டே இருங்க.

கொள்ளிடக்கரை:

சார் இல்லைங்க, மேடம். 🙂

இழுவை குறையலை. துவாக்குடி பைபாஸ்ல 80-ல போனாலும் ஒரே சீரா போகுது. பாலத்துல திணறலே இல்லை. ஏசி போடாம ஒரு தடவைகூட நின்னது கிடையாது. ஆஃப் ஆனதும் சாவியைத் திருப்பினா உடனே ஸ்டார்ட் ஆயிடும்.

ஸ்பானர்_14:

மன்னிக்கணும் மேடம். அப்ப பம்ப் மேல எனக்கு சந்தேகம் இல்லை. காரணம் சொல்றேன்.

பம்ப் வீக்கா இருந்தா இன்ஜின் நிறைய பெட்ரோல் கேக்குற இடத்துலதான் காட்டிக்கொடுக்கும். பைபாஸ்ல மிதிக்கும்போது, மேட்டுல, ஓவர்டேக் எடுக்கும்போது. சும்மா நிக்கிற இன்ஜின் குடிக்கிறது சொட்டுக்கணக்குதான், அதுக்கு அரைகுறை பம்ப்பே போதும். உங்க வண்டி 80-ல ஜம்முனு போகுது, சிக்னல்ல நிக்குது. அப்படியே தலைகீழா இருக்கு பாருங்க.

நிக்கும்போது உங்க கால் ஆக்சிலரேட்டர்ல இல்லை. இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடிக்குள்ள இருக்கிற தட்டு மூடியிருக்கும். இன்ஜின் உயிரோட இருக்கத் தேவையான காத்து பக்கத்துல ஒரு சின்ன வழியா போகும். அதைக் கூட்டிக் குறைக்கிறது ஐஏசி வால்வு. வருஷக்கணக்கா ஊர்ப் போக்குவரத்துல ஓடின வண்டியில அந்த வழி கார்பன் பிடிச்சுச் சுருங்கிடும். காலையில இன்ஜின் ஜில்லுனு இருக்கிறப்ப கம்ப்யூட்டரே ஐடிலை, அதாவது மிதிக்காம நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகத்தை, கொஞ்சம் தூக்கி வெச்சிருக்கும், அதனால தெரியாது. சூடானதும் இறக்கிடும். அந்த நேரம் பார்த்து கம்ப்ரஸர் பாரம் விழுந்தா, இது 796 சிசி, மூணு சிலிண்டர் இன்ஜின், தாங்கிப் பிடிக்கத் தெம்பு கம்மி. கூடுதல் காத்து உடனே வரணும். வழி அடைச்சிருந்தா வராது, ஆஃப்.

த்ராட்டில் பாடி கிளீனிங் எந்த மெக்கானிக்கும் பண்ணுவார், 500 ரூபாய்க்குள்ள முடியும். ஏர் ஃபில்டர்ல இருந்து வர்ற குழாயைக் கழட்டி, கிளீனிங் ஸ்ப்ரேயைத் துணியில அடிச்சு தட்டோட ரெண்டு பக்கமும் ஓரமும் துடைக்கணும். பிரஷரா உள்ளே அடிச்சு ஊத்தக் கூடாது, சென்சார் மேல படக் கூடாது. வால்வு துவாரத்தையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க, பாதிப் பேர் அதைத் தொடாம விட்டுடுவாங்க. முடிஞ்சதும் பேட்டரி நெகட்டிவைக் கொஞ்ச நேரம் கழட்டி மாட்டி, ஆக்சிலரேட்டரைத் தொடாம ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிக்கிற வரைக்கும் ஐடில்ல விடுங்க. அப்புறம் ஏசி போட்டு ஒரு அஞ்சு நிமிஷம். கம்ப்யூட்டர் புது அளவைப் பழகிக்கும்.

பழைய_பெட்ரோல் அண்ணே, மைலேஜ் குறையுதுங்கிறது உண்மைதான். இதுக்குன்னே ட்யூன் பண்ணாத பழைய வண்டிகள்ல 3 முதல் 6 சதவீதம் வரைக்கும் குறையலாம்னு அரசே 2025-ல சொல்லிச்சு. பழைய ரப்பர் ஹோஸ் இருந்தா பார்த்து மாத்துறதும் நல்லது. ஆனா எத்தனால் ஏசி போட்டாத்தான் வேலை செய்வேன்னு அடம்பிடிக்காது.

வேகன்ஆர்_வசந்தி:

எனக்கும் இதே கதை நடந்துது அக்கா, வேற வண்டியில. ரெண்டு மாசம் சிக்னல் வர்றதுக்கு முன்னாடியே ஏசியை அணைச்சு அணைச்சே ஓட்டினேன். கிளீன் பண்ணதும் சரியாச்சு.

பேப்பர்_பாஸ்கரன்:

தலைப்புக்கு சம்பந்தமில்லாம ஒண்ணு கேக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வாங்கி ஒரு மாசம்னு சொல்றீங்க. ஆர்சி உங்க பேருக்கு மாறிடுச்சா?

கொள்ளிடக்கரை:

இல்லை. புரோக்கர் பேர் மாத்துற ஃபார்ம் 29, 30 ரெண்டிலும் ஓனர்கிட்ட கையெழுத்து வாங்கிக் கொடுத்துட்டார். தேதி போடலை. "மெதுவா பண்ணிக்கலாம் மேடம், எல்லாரும் இப்படித்தான்"னார். இந்த வாரம் கிளீனிங்கை முடிச்சுட்டு வர்றேன்.

பேப்பர்_பாஸ்கரன்:

வண்டி சிக்னல்ல நின்னா ஹாரன் சத்தத்தோட போயிடும். இது அப்படி இல்லைங்க.

மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள்ள வித்தா வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸுக்கு 157-வது பிரிவு. தேர்ட் பார்ட்டி பாதுகாப்பு வண்டியோட தானா வந்துடும். உங்க வண்டிக்கு ஏற்படுற சேதத்துக்கான பகுதி அப்படித் தானா வராது. 14 நாளுக்குள்ள கம்பெனிக்கு எழுதி உங்க பேருக்கு மாத்திக்கணும். மாத்தாம எங்கேயாவது இடிச்சா, க்ளெயிம் கேக்கப் போற இடத்துல "பாலிசி உங்க பேர்ல இல்லையே"ன்னுதான் ஆரம்பிப்பாங்க. க்ளெயிம் கேக்காம இருந்ததுக்காக பழைய ஓனருக்குக் கிடைச்ச பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ க்ளெயிம் போனஸும் அவருக்குத்தான், உங்களுக்கு வராது. மாத்தும்போது அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வாங்க, பதறாதீங்க.

வித்தவருக்கும் இதுல ஆபத்து இருக்கு. ஆர்சியில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நஷ்டஈடு அவர் தலையிலதான்னு 2018 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதைச் சொன்னா பழைய ஓனரே ஓடி வந்து ஒத்துழைப்பார்.

தேதி போடாத ஃபார்மை வெச்சுக்கிட்டு ஓட்டுறது புரோக்கருக்குத்தான் வசதி.

மல்டிமீட்டர்:

ஸ்பானர் அண்ணன் சொன்னதுல எனக்கு மறுப்பு இல்லை, செய்யுங்க. ஆனா முதல் பதிவுலயே ஒரு வரி இருக்கு, யாரும் கண்டுக்கலை. "ரேடியோ லைட் லேசா மங்கும்." காத்து அடைப்பு மட்டும்னா லைட் ஏன் மங்கணும்? ஐடில் விழுந்ததால டைனமோ தர்ற கரண்ட் குறைஞ்சிருக்கலாம், அதுவும் சாத்தியம்தான். கிளீனிங்குக்கு அப்புறமும் மங்கினா சொல்லுங்க.

கொள்ளிடக்கரை:

கிளீனிங் ஆச்சு. வேற மெக்கானிக்கிட்ட போய் பக்கத்துலயே நின்னு பார்த்தேன். துடைச்ச வேஸ்ட் துணி தார்ல முக்கின மாதிரி வந்துது. வால்வு துவாரத்துல கார்பன் கெட்டியா ஒட்டியிருந்துது, குச்சியால சுரண்டித்தான் எடுத்தார். 450 ரூபாய் வாங்கினார். பம்ப் பத்தி அவரா எதுவும் பேசலை.

இப்ப ஐடில் நல்லா நிக்குது, நடுக்கம் முக்கால்வாசி போச்சு. ஆனா நேத்து சாயங்காலம் ஹெட்லைட், ஏசி, ரேடியேட்டர் ஃபேன் மூணும் சேர்ந்து ஓடும்போது விழுந்து விழுந்து எழுந்துது. ஒரு தடவை ஆஃப் ஆயிடுச்சு. மல்டிமீட்டர் சார், லைட் மங்குது.

மல்டிமீட்டர்:

எதிர்பார்த்தேன். கடையில 300, 400 ரூபாய்க்கு ஒரு மீட்டர் கிடைக்கும், யார்கிட்டயாவது கடன் வாங்கினாலும் சரி. 20 வோல்ட் டிசியில வைங்க.

ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பேட்டரி ரெண்டு முனையிலும் வெச்சுப் பாருங்க. 12.6 பக்கத்துல இருந்தா நல்ல சார்ஜ். 12.2-க்குக் கீழேன்னா பாதிக்கு மேல காலி. அடுத்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் பாருங்க, 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் இருக்கணும். இப்ப ஏசி, ஹெட்லைட், உள்ளே யாரையாவது உட்கார வெச்சு பிரேக்கும் போடச் சொல்லிட்டு மறுபடி பாருங்க. 13-க்குக் கீழே விழுந்தா டைனமோ பெல்ட் லூஸா இல்லை டைனமோவே சோர்ந்துடுச்சான்னு பார்க்கணும்.

முக்கியமானது இனிமேதான். எல்லாத்தையும் போட்டபடியே, மீட்டரோட கறுப்பு ஒயரை பேட்டரி நெகட்டிவ் முனையில வைங்க, சிவப்பை இன்ஜின்ல பெயிண்ட் இல்லாத ஒரு இரும்புல வைங்க. கிட்டத்தட்ட பூஜ்யம் வரணும். 0.2 தாண்டக் கூடாது. தாண்டினா எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பி வர்ற வழி, சரியில்லைன்னு அர்த்தம். கை, துப்பட்டா, ஒயர் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகாம பார்த்துக்கோங்க, அந்த ஃபேன் எப்ப வேணா சுத்தும்.

கொள்ளிடக்கரை:

தம்பியை வெச்சுப் பார்த்தோம். காலையில 12.5. ஸ்டார்ட் பண்ணதும் 14.1. எல்லாம் போட்டா 13.4. ஆனா அந்தக் கடைசி டெஸ்ட்ல 0.8 வருது! ஏசி விழும்போது 1 வரைக்கும் ஏறுது.

மல்டிமீட்டர்:

ஆளு மாட்டிக்கிட்டான். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து பாடிக்கும் இன்ஜின்/கியர்பாக்ஸுக்கும் போற கறுப்பு ஒயரோட முனைகளைக் கழட்டிப் பாருங்க. மேல் பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும்.

கொள்ளிடக்கரை:

நீங்க சொன்னதேதான். பேட்டரி பக்கத்துல பளபளன்னு இருக்கு, யாரோ கிரீஸெல்லாம் தடவி வெச்சிருக்காங்க. கியர்பாக்ஸ்ல போல்ட் போட்ட இடத்தைக் கழட்டினா வெள்ளையும் பச்சையுமா பூத்துப் போயிருக்கு. ஒயரை மடக்கினா ரப்பருக்குள்ள நறநறன்னு சத்தம். உரிச்சுப் பார்த்தா செம்பு கறுத்து, பாதி இழை அறுந்து கிடக்கு. புது எர்த் ஒயர், போல்ட் இடத்துல உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சது எல்லாம் சேர்த்து 380 ரூபாய். இப்ப 0.06 வருது. மூணையும் போட்டு அரை மணி நேரம் வாசல்லயே ஓட விட்டேன், ஆடலை அசையலை. பால்பண்ணையிலயும் நிக்கலை.

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. 5,500 மிச்சம். கையோட ஒண்ணு கேட்டுடுறேன். இன்ஜின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு ரசீது எதுவும் வண்டியில இல்லை. மாத்தணுமா?

ஸ்பானர்_14:

மிச்சம் பண்ணின காசுல அதைப் போட்டுடுங்க மேடம். ஆல்டோவோட இன்னொரு மாடலான கே10-ல இருக்கிறது செயின். உங்க 800-ல பெல்ட்தான். பத்து வருஷ ரப்பர், மாத்தினாங்களான்னு தெரியலைன்னா மாத்தலைன்னே வெச்சுக்கணும். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரையும் சேர்த்து மாத்துங்க, ஆயில் சீல் கசியுதான்னு அப்பவே பார்த்துடச் சொல்லுங்க. டயரோட பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். 2316-ன்னு இருந்தா 2016-ம் வருஷம் 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அவ்வளவு பழசை வெச்சுக்கிட்டு பைபாஸ்ல போகாதீங்க. உங்களுக்கு 145/80 ஆர்12, சின்ன சைஸ், விலையும் கம்மிதான்.

மல்டிமீட்டர் தம்பி, அந்த மங்கின லைட்டை நான் கவனிச்சிருந்தா மேடத்துக்கு ஒரு நடை மிச்சம். நல்ல கண்ணு.

பேப்பர்_பாஸ்கரன்:

வண்டி ஓடுது, சரி. ஆர்சி?

கொள்ளிடக்கரை:

கேப்பீங்கன்னு தெரியும். அரசோட வாகன வெப்சைட் பரிவாகன்ல பார்த்தேன். பேங்க் லோன் எதுவும் இல்லை, அபராதம் ஒரு செலான் இருந்துது, ஓனரே கட்டிட்டார். பேர் மாத்துறதுக்கான ஓடிபி அவர் நம்பருக்குத்தான் போகுதாம், அவர் அடுத்த மாசம் வெளிநாடு போறாராம்.

பேப்பர்_பாஸ்கரன்:

அப்ப இந்த வாரமே முடிச்சாகணும். அவர் கிளம்பி அந்த சிம் செத்துப்போச்சுன்னா நம்பரை மாத்துறதுக்கே தனியா அலையணும். ஃபார்ம் 29 ரெண்டு காப்பி, ஃபார்ம் 30, ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, ரெண்டு பேரோட அடையாளச் சான்றும் எடுத்துக்கோங்க. ஃபார்ம்ல உண்மையா வண்டி கைமாறின தேதியைப் போடுங்க, புரோக்கர் சொல்ற தேதியை இல்லை. தாமதத்துக்கு அபராதம் கேட்டாக் கட்டிடுங்க. பதிவு 2030 வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி அஞ்சஞ்சு வருஷமா நீட்டிக்கலாம், அப்ப ஆர்சி உங்க பேர்ல இருந்தாத்தான் உங்களால அதைச் செய்ய முடியும்.

கொள்ளிடக்கரை:

வெள்ளிக்கிழமைக்கு லீவு சொல்லியாச்சு. ஓனர் தஞ்சாவூர்லயே இருக்கேன், வாங்கன்னார். பெல்ட் வேலையை வியாழக்கிழமை சாயங்காலம் கொடுத்திருக்கேன்.