கலிபோ அதி-அதிஹான் விழா: இரவில் காதிக்லான் திரும்ப வழி உண்டா?

பிலிப்பைன்ஸின் அக்லான் மாகாணத் தலைநகர் கலிபோவில், 2027 ஜனவரி 17 ஞாயிறன்று நடைபெறும் அதி-அதிஹான் நிறைவு ஊர்வலத்தைக் காண, 68 வயது அம்மாவுடன் மணிலாவிலிருந்து செல்கிறேன். முன்கூட்டியே பதிவு செய்திருந்த விடுதி, சென்ற வாரம் முன்பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அறை இல்லையென்று கைவிரித்துவிட்டது.

போர்னியோவிலிருந்து வந்த பத்துத் தாத்துக்கள் (குலத்தலைவர்கள்), அதி என்னும் பூர்வகுடி மக்களின் தலைவர் மரிக்குதோவுக்குப் பொன் தொப்பி கொடுத்துச் சமவெளியைப் பெற்றதாகச் சொல்லும் கதையை நினைவுகூர்ந்து, முகத்தில் கரி பூசி, ‘ஹாலா பிரா!’ என்று கூவியபடி தெருவெல்லாம் ஆடுவார்கள். அம்மாவுக்குக் கதையைவிட அந்த முரசொலியின் மேல்தான் ஆசை.

பஸ்த்ரானா பூங்காவைச் சுற்றியுள்ள ஏழு விடுதிகளுக்குப் பேசிவிட்டேன், எல்லாம் நிரம்பிவிட்டன. பக்கத்து ஊரான நுமான்சியாவில் கேட்ட இரண்டு வீடுகளிலும் மாடியறைதான் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் படியேற முடியாது. காதிக்லான் படகுத்துறை அருகே தரைத்தள அறை ஒன்றை நாளை மாலை வரை எனக்காக வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தொலைவு, ஊர்வலமோ இருட்டிய பிறகும் நீளும்.

விழா ஞாயிறன்று இரவு 9 மணிக்கு மேல் கலிபோவிலிருந்து காதிக்லானுக்கு வேன் கிடைக்குமா?