தகர ஷெட்டுக்கு எத்தனை டன் ஏசி?

பாளை டெய்லர்: கார் ஷெட், 10க்கு 18 அடி, உயரம் 10. மேலே கலர் ஷீட், மேற்கே பார்த்த ரோலிங் ஷட்டர். ரெண்டு தையல் மிஷின் போடணும். ஒன்றரை டன் போதுமா, 2 டன் வேணுமா?

கூலிங் அண்ணாச்சி: கண்ணை மூடிக்கிட்டு 2 டன். 180 சதுர அடிக்கு ஒன்றரைன்னு கடையில சொல்றது காங்கிரீட் ரூமுக்கு. ஏசி எவ்வளவு குளிர்விக்கும்னு அளக்கிறதே வெளியே 35 டிகிரியில. சித்திரை வெயில்ல அந்த அளவு கிடைக்காது.

வரைபடக்காரன்: அண்ணாச்சி, வெப்பம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. மத்தியானம் ஷீட் 60 டிகிரி, உள்ளே 27ன்னு வைங்க. சதுர மீட்டருக்கு, டிகிரிக்குச் சுமார் 6 வாட் இறங்கும். கூரை 16.7 சதுர மீட்டர். 33 டிகிரி வித்தியாசத்துக்கு 3.3 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியேத்துறதே 3.5 கிலோவாட்தான்! கூரைக்கே ஒரு டன் தீனி. ஜிப்சம் சீலிங் அடிச்சு, மேலே 50 மில்லிமீட்டர் ராக்வுல்ங்கிற வெப்பத் தடுப்புப் பஞ்சு விரிச்சா அது அரை கிலோவாட்டுக்குள்ள அடங்கும். அப்புறம் ஒன்றரையே தாராளம்.

கூலிங் அண்ணாச்சி: சீலிங் செலவை யாரு வேய் குடுப்பா? 2 டன் இன்வெர்ட்டர் ஏசி போட்டா தேவைக்குக் குறைச்சு ஓடிக்கிடும்.

வரைபடக்காரன்: குறையும், ஆனா ஓரளவுக்குத்தான், அந்த எல்லை மாடலுக்கு மாடல் மாறும். அதுக்கும் கீழே சுமை போனா நின்னு நின்னு ஓடும். ஐப்பசி மழையில ரூம் ஜில்லுன்னு இருக்கும், ஈரம் போகாது, துணி நசநசக்கும். அதோட, 60 டிகிரி ஷீட் தலைக்கு மேல அனல் வீசினா காத்து 24 டிகிரி இருந்தும் வேர்க்கும். டன் கூட்டி அதைத் தீர்க்க முடியாது.

சிக்கனம்னு தெர்மோகோலை ஷீட்டுல ஒட்டிராதீங்க. பசை சூட்டுல விட்டுரும்; தீ பிடிச்சா உருகிச் சொட்டும். வெள்ளித்தாள் ஷீட்டும் தகரத்தை ஒட்டிக் கிடந்தா பிரயோசனமில்ல, ஒரு அங்குலமாவது காத்து இடைவெளி வேணும்.

கூலிங் அண்ணாச்சி: ஷட்டரை மறந்துட்டீரே. ஆனி ஆடிக் காத்துல அந்த இடுக்கு வழியா மண்ணே வரும், குளிர் நிக்குமா?

வரைபடக்காரன்: அது சரி. அடியில ரப்பர், பக்கத்துல பிரஷ் பட்டை, உருளைப் பெட்டிக்கு மூடி. இதைவிட உள்பக்கம் கதவு வச்ச தடுப்புச் சுவர் மேல்.

வயர்மேன்: எத்தனை டன்னானாலும் போர்டுலருந்து தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் காப்பர். ஷெட்டு லைட் லைன்ல கோர்க்காதீங்க. அவுட்டோர் யூனிட் ஊதுற முகம் மேற்கே வேண்டாம். காத்து எதிர்த்து அடிச்சா ஃபேன் திணறும்.

கூலிங் அண்ணாச்சி: சீலிங் அடிச்சா ஒன்றரை, அடிக்கலைன்னா 2. அதுல மாத்தமில்ல.

பாளை டெய்லர்: சீலிங்குக்கு முதல்ல ஆள் பாக்கேன். 10 அடியில ஒரு அடி போனா ஃபேன் இடிக்காதுல்லா?