அம்மாக்களின் ஒரு நாள் வேலையை அளக்க எப்படிக் கேட்பது?

கேள்வி (முதுகலை_சமூகவியல்):
பெங்களூரு அல்சூர், ஸ்ரீராமபுரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் 30 தமிழ்க் குடும்பங்களிடம் ஆய்வு. "குழந்தையை எவ்வளவு நேரம் பார்த்துக்கிறீங்க?" என்றால், "அதுக்குன்னு தனி நேரம் ஏதுங்க?" என்கிறார்கள். 2019 தேசிய நேரப் பயன்பாட்டு சர்வேயில் கூலியில்லா வீட்டுவேலைக்கு ஒரு நாளில் பெண்கள் 299 நிமிடம், ஆண்கள் 97. இதோடு ஒப்பிடலாமா?

களப்பணி:
அவங்க சொன்னது முழு உண்மை. நீங்க கேள்வியை மாத்துங்க. அந்த சர்வே மாதிரியே நேத்து விடிகாலை 4 மணி முதல் இன்னிக்கு 4 மணி வரை, அரை மணி அரை மணியாக் கேளுங்க. ஒவ்வொரு கட்டத்திலும் மூணு விஷயம்: முக்கிய வேலை, கூடவே நடந்த வேலை, அப்போ குழந்தை யார் பொறுப்புல. சட்னி அரைக்கும்போது குழந்தை காலடியில இருந்தா ரெண்டாவதுல எழுதணும். இல்லேன்னா தாய்மை வேலையில பாதி கணக்குக்கே வராது. மணி ஞாபகம் இல்லேன்னா தண்ணி வந்த நேரம், அங்கன்வாடி விட்ட நேரம்னு பிடிங்க. "சும்மாதான் இருந்தேன்"னா விடாதீங்க, குழந்தை தூங்குச்சா, முழிச்சிருந்துச்சான்னு கேளுங்க. கூட்டும்போது முக்கிய வேலைகள் மட்டும் 1440 நிமிடம் வரணும். கூடவே நடந்ததைத் தனி அட்டவணையில காட்டுங்க.

எண்_சரிபார்ப்பு:
ஒப்பிடும் முன் ஒன்று. 97 நிமிடம் என்பது அன்றைக்கு வீட்டுவேலை செய்த ஆண்களின் சராசரி மட்டும். ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ள ஆண்களில் அப்படிச் செய்தவர்கள் 26.1 சதவீதம்தான், பெண்களில் 81.2. எல்லாரையும் சேர்த்தால் ஆண்களுக்குச் சுமார் 25 நிமிடம், பெண்களுக்கு 243. செய்திகளில் 299, 97 என்ற எண்களையே போடுவதால் இடைவெளி சிறிதாகத் தெரிகிறது, அது பெண்களுக்கு இழைக்கும் அநியாயம். ஆனால் உங்களுடையது இளம் பெற்றோர் மட்டும் உள்ள 30 வீடுகள். தேசிய எண்ணைப் பின்னணியாக வையுங்கள், நேருக்கு நேர் நிறுத்தாதீர்கள்.

முதுகலை_சமூகவியல்:
நன்றி. வீட்டுவேலைக்குப் போகும் அம்மா அடுத்த வீட்டில் பாத்திரம் தேய்ப்பது எந்தக் கணக்கில் வரும்?

களப்பணி:
அது சம்பள வேலை. "யாருக்காக, கூலி உண்டா"ன்னு ஒரு கேள்வியும் சேர்த்துடுங்க. இன்னொண்ணு, மாமியாரோ கணவரோ பக்கத்துல இருந்தா பதில் மாறும். கணவர்கிட்ட தனியா, அதே நாளைப் பத்திக் கேளுங்க. 30 பேட்டியையும் வாரத்தோட ஏழு நாளுக்கும் பிரிச்சுப் போடுங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் போனா அப்பாக்கள் பங்கு கூடித் தெரியும்.