ஸ்லோ குக்கரில் விடியற்காலைப் பால்கஞ்சி: உங்கள் வீட்டில் எப்படி?

கிருஷ்ணகிரியிலிருந்து:

வீட்டுக்காரருக்கு ஓசூரில் முதல் ஷிஃப்ட். இருட்டு விலகும் முன்பே கம்பெனி பஸ் ரவுண்டானாவுக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் அடுப்படியில் நின்று கஞ்சி கிண்ட என்னால் ஆகாது. வெறும் வயிற்றோடு அனுப்பவும் மனம் வராது. நாத்தனார் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன ஸ்லோ குக்கர்தான், அதாவது கரண்டில் மெல்ல மெல்ல வேகவைக்கும் பானைதான், கைகொடுத்தது. பீங்கான் பானை, கண்ணாடி மூடி, ஒரு திருகு, அவ்வளவுதான். அடியில் 120 வாட் என்று போட்டிருக்கிறது. 7 மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது.

கூடவே வந்த குறிப்பு, பாலையும் தானியத்தையும் இரவே ஒன்றாகப் போடச் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சூடு பானையின் சுவர் வழியாக வருவதால், விடிய விடியக் கிடக்கும் பால் ஓரத்தில் பழுப்பேறி ஒட்டிக்கொள்ளும், சில நாள் திரிந்தும் போகும். நான் உள்சுவரில் நெய் தடவி, களைந்த சாமை ஒரு தம்ளர், சுடுதண்ணீர் ஐந்து தம்ளர், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் குறைந்த சூட்டில் வைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். காலையில் மூடியைத் திறந்தால் சாமை மலர்ந்து குழைந்திருக்கும். மேலாகக் கொஞ்சம் கஞ்சித் தண்ணீர் நிற்கும். கரண்டியின் முதுகால் மசித்து, அப்போதே காய்ச்சிய சொசைட்டிப் பால் இரண்டு தம்ளர் ஊற்றுவேன். பால் சூடாகவே இருக்கட்டும். குளிர்ந்த பால் பட்டால் சூடான பீங்கான் விரிசல் விட்டுவிடும். ஏலக்காயைத் தட்டிப் போட்டு ஒரு சொம்பு நிறைய ஊற்றிக் கொடுத்தால் மதியம் வரை பசி தாங்குகிறது என்கிறார்.

அரூரிலிருந்து:

அக்கா, சாமை எந்தச் சாமை என்பதையும் பாருங்கள். சித்தேரி மலைப் பக்கத்திலிருந்து வருவதை முழுக்கத் தீட்டியிருக்க மாட்டார்கள். தவிடு இருப்பதால் வேக நேரம் பிடிக்கும். முதல் நாள் மாலையே ஊறவைத்தால் நல்லது. கேழ்வரகு மாவை மட்டும் இதில் போட வேண்டாம். கிளற ஆளில்லாத பானையில் மாவு அடியில் உட்கார்ந்து கட்டியாகிவிடும். உடைத்த கேழ்வரகு என்றால் சரி.

பென்னாகரத்திலிருந்து:

எல்லாம் சரி, கரண்ட் போனால்? எங்கள் ஊரில் மழைக்காலத்தில் நடுராத்திரி போய் விடிகிற நேரத்தில் வரும். அப்படி ஒருநாள் பானை வெதுவெதுப்பாகக் கிடந்தது. மாமியார் ‘மறுபடி சுட வைத்தால் போதாதா’ என்றார். போதாது. 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் பெருகும். அவற்றில் சில விட்டுவைக்கும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போவதில்லை. அதனால் கீழே கொட்டிவிட்டேன். பாலை ஊற்றி டைமர் வைத்து, நள்ளிரவுக்கு மேல் தானாக ஓடட்டும் என்று விடுவதும் இதே கதைதான்.

இன்னொன்று. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் போர்வெல் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். எத்தனை மணி நேரம் சூடேற்றினாலும் அது வெளியேறாது. குடிப்பதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர் பிடிக்கிறோம் அல்லவா, கஞ்சிக்கும் அதையே ஊற்றுங்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து:

மார்கழிக் குளிரில் எங்கள் பக்கம் இது பெரிய வரம். பல் இல்லாத அம்மாவுக்கு நான் பாலிலேயேதான் வேக வைக்கிறேன், ஆனால் நேரடியாக இல்லை. குக்கரில் பாதி தண்ணீர். அதற்குள் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் உடைத்த ஓட்ஸும் காய்ச்சிய பாலும். தண்ணீர் சூட்டில் வேகும்போது பால் அடிப்பிடிக்காது, வழித்துக் கழுவும் வேலையும் மிச்சம். வெல்லத்தை மட்டும் கூடவே போடாதீர்கள். அதிலிருக்கும் புளிப்பு பாலைத் திரித்துவிடும். பாகாகக் காய்ச்சி வடிகட்டி, கஞ்சி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கலந்துகொள்ள வேண்டும். கடைப் பொட்டலச் சர்க்கரை போட்டால் அம்மா ஒரு வாய்க்கு மேல் தொடமாட்டார்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

பென்னாகரத்துத் தங்கை சொன்னது நியாயம். நாங்கள் இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறோம், குறைந்த வாட் என்பதால் இழுத்துவிடுகிறது. பாலைக் காலையில் ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஊற்றும் முன் கஞ்சியில் பாதியைத் தனியே எடுத்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். மதியம் அதில் மோர் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து போட்டால் எனக்கும் பிள்ளைகளுக்கும் சாப்பாடு ஆயிற்று.